ஆஸ்டின் எல்பிஜே லைப்ரரி மியூசியம்: 5க்கு 5, அரை நாள் ஒதுக்கிட்டு போங்க

டெக்சாஸ்ல இருக்கற நம்ம ஆளுங்க ஆஸ்டின் வந்தா கேப்பிடல், ஏரி, பார்பிக்யூன்னு சுத்திட்டு கிளம்பிடறாங்க, யூனிவர்சிட்டி கேம்பஸ்லயே இருக்கற இந்த இடத்த எட்டி கூட பாக்கறதில்ல. எனக்கு அதுல நெஜமாவே வருத்தம். 1971ல திறந்த கட்டடம். எல்பிஜேங்கற லிண்டன் ஜான்சன் அமெரிக்க பிரசிடென்ட்டா இருந்த காலத்து காகிதமெல்லாம் இங்கதான் இருக்கு, செவப்பு பெட்டியா மாடி மாடியா அடுக்கி வெச்சிருக்கறது கண்ணாடி வழியா தெரியும். பத்தாவது மாடில வெள்ளை மாளிகைல இருக்கற பிரசிடென்ட் அறையான ஓவல் ஆபீஸ கொஞ்சம் சின்ன அளவுல அப்படியே செஞ்சு வெச்சிருக்காங்க, பசங்களுக்கு புடிக்கும்.

ஆனா நான் அஞ்சு ஸ்டார் குடுக்கறது போனுக்கு. அங்கங்க ரிசீவர் மாட்டியிருக்கு, எடுத்து காதுல வெச்சா ஜான்சன் குரல். அவரே ரெக்கார்ட் பண்ணி வெச்ச போன் கால்ஸ். வியட்நாம் போர் பத்தின பகுதிக்கு வந்தப்ப ஒன்பதாவது படிக்கற என் பொண்ணு "இவ்ளோ பெருசா ஜெயிச்சவரு ஏம்மா அடுத்த தடவ நிக்கல?"ன்னு கேட்டா. அந்த கேள்விக்கு பதில்தான் இந்த மியூசியமே.

1964 ஆகஸ்ட்ல டோன்கின் வளைகுடா தீர்மானம், அதாவது வியட்நாம் பக்கம் படைய பயன்படுத்த பிரசிடென்ட்டுக்கு அதிகாரம் குடுத்த தீர்மானம், கீழ்சபைல 416-0, செனட்ல 88-2ன்னு பாஸ் ஆகுது. நவம்பர் பிரசிடென்ட் தேர்தல்ல ஜான்சன் 61% ஓட்டு வாங்கி ஜெயிக்கறாரு. அந்த பலத்துலதான் 1965ல வயசானவங்களுக்கான மெடிகேர் மருத்துவ காப்பீடு, கறுப்பின மக்களோட ஓட்டுரிமை சட்டம் எல்லாம் வந்துச்சு, அதே வருஷம் மார்ச்லதான் அமெரிக்க மரீன் படை வியட்நாம்ல இருக்கற டா நாங்ல எறங்குது. மூணே வருஷத்துல அஞ்சு லட்சம் அமெரிக்க வீரர்கள் அங்க. இங்க 1966 தேர்தல்ல அவர் கட்சிக்கு கீழ்சபைல 47 சீட் போச்சு, 1968 ஜனவரில வியட்நாம் கம்யூனிஸ்ட் படைங்க ஒரே நேரத்துல பல ஊர்கள தாக்கின டெட் தாக்குதல், மார்ச்ல கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்கற நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரி தேர்தல்ல சொந்த கட்சிக்காரர் யூஜின் மெக்கார்த்தி 42% எடுத்துட்டாரு, மார்ச் 31 டிவில வந்து நான் நிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு, நவம்பர்ல எதிர்கட்சி நிக்சன் ஜெயிச்சுட்டாரு. இன்னொன்னு, அந்த தீர்மானத்த எதிர்த்த ரெண்டே ரெண்டு செனட்டர், மோர்ஸும் குரூனிங்கும், அவங்களும் 1968லயே பதவிய இழந்துட்டாங்க. சரியா சொன்னவங்களுக்கும் அதே கதி, அத நெனச்சா மனசு கேக்கல.

வீட்டுக்கு வந்து 1964 மே 27 போன் கால் ரெக்கார்டிங்க நெட்ல தேடி கேட்டேன். படைய பெருசா அனுப்பறதுக்கு முன்னாடியே, இதுக்காக சண்ட போடறது தகாது, ஆனா வெளிய வரவும் முடியாதுங்கற மாதிரி தன்னோட பாதுகாப்பு ஆலோசகர் பண்டிகிட்ட ஜான்சன் பொலம்பறாரு. 58,000க்கு மேல அமெரிக்க பசங்க செத்துருக்காங்க, வியட்நாம் பக்கம் லட்சக்கணக்குல. முன்னாடியே தெரிஞ்சிருக்கே, ஏன் அனுப்புனாருன்னு எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. பின்னால 1973ல நிக்சனோட வீட்டோவ (மறுப்பு அதிகாரத்த) மீறி, பிரசிடென்ட் படைய அனுப்பினா 48 மணி நேரத்துக்குள்ள எங்ககிட்ட சொல்லணும்னு அமெரிக்க காங்கிரஸ் சபை சட்டம் போட்டது சும்மா இல்ல.

இவங்க கலெக்‌ஷன்ல 1968 ஜூலைல எடுத்த போட்டோ ஒண்ணு இருக்கு. வியட்நாம்ல இருந்த மாப்பிள்ள சார்லஸ் ராப் அனுப்புன டேப்ப கேட்டுட்டு ஜான்சன் மேசைல தலைய கவுத்துட்டு கெடக்கறாரு. என் பொண்ணு அந்த படத்த பாத்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல.

டிக்கெட் உண்டு. பக்கத்துலயே பார்க்கிங் இருக்கு. காலைல தொறந்ததும் போயிடுங்க, கூட்டம் வந்துட்டா ரிசீவர பின்னாடி நிக்கறவங்களுக்கு குடுக்க வேண்டியிருக்கும், ஒரு போன் கால் கூட முழுசா கேக்க முடியாது.