கோதுமையை விட்டு சில வருடங்கள்: பெருங்காயமும் மாவு மில்லும் தந்த பாடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சீலியாக் நோயோடு (கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் சிறுகுடலைப் பாதிக்கிற நோய்) தமிழ்நாட்டில் வாழ்வது நெட்டில் படித்துப் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. அரிசி இருக்கிறது, உளுந்து இருக்கிறது, தேங்காய் இருக்கிறது. இட்லி, இடியாப்பம், புட்டு, ஆப்பம் எதிலும் குளூட்டன் கிடையாது. கஷ்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழைகிற கோதுமையால்தான். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

எனக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது குருகிராமில் வேலை பார்த்தபோது. ஊரில் இருந்த காலத்திலேயே ரத்தசோகை, வயிறு உப்புசம், கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது எல்லாம் உண்டு. இரும்பு மாத்திரை, கேஸ் மாத்திரை என்று ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வடக்கே போய் மூன்று வேளையும் சப்பாத்தி என்றானதும் உடம்பு மொத்தமாகப் படுத்துவிட்டது. அங்கே பார்த்த டாக்டர் கதையைப் பாதி கேட்டதுமே டிடிஜி என்கிற ரத்தப் பரிசோதனைக்கு (இந்த நோய் இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஓர் எதிர்ப்பொருளின் அளவு) எழுதிக் கொடுத்தார், அப்புறம் எண்டோஸ்கோபி, சிறுகுடலில் இருந்து துளி சதை எடுத்து பயாப்சி, முடிந்தது.

நம்மூர் டாக்டர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கே ஹரியானா பக்கம், வடகிழக்கில் அசாம், தெற்கே வேலூர் என்று மூன்று இடங்களில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். வடக்கே ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு இந்த நோய், வேலூர் பக்கம் பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். இத்தனைக்கும் நோய்க்கு வழிவிடும் மரபணு மூன்று இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. வித்தியாசம் தட்டில்: அங்கே ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை 455 கிராம், இங்கே 25 கிராம். இப்போது ராத்திரி ஆனால் வீட்டுக்கு வீடு சப்பாத்தி, தெருவுக்குத் தெரு பரோட்டாக் கடை என்று ஆகிவிட்டதால் இந்தக் கணக்கு இப்படியே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சென்னைக்கு மாறி வந்தபோது இனி கவலையில்லை என்று நினைத்தேன். சோறு, சாம்பார், ரசம், மோர். ஆனால் அடுத்த பரிசோதனையில் டிடிஜி அளவு இறங்கவே இல்லை. தேடிப் பார்த்ததில் முதலில் சிக்கியது பெருங்காய டப்பா. பெருங்காயம் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால், உறைந்து பிசினாகிவிடும். அதை அப்படியே போட்டால் வீடே நாறும். அதனால் மாவும் கோந்தும் கலந்து விற்கிறார்கள், அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டிப் பெருங்காயமும் விதிவிலக்கில்லை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, வருடக்கணக்காக வாங்கிய பொருளின் பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்? ஒரு சிட்டிகையில் என்ன போய்விடும் என்று கேட்பவர்கள் உண்டு, இதே நோய் உள்ளவர்களே சிலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடலைப் பாதிக்கும் என்கிறார்கள், நம் வீட்டிலோ சாம்பார், ரசம், மோர்த் தாளிப்பு, ஊறுகாய், இட்லிப் பொடி என்று எல்லாவற்றிலும் அந்தச் சிட்டிகை விழுகிறது. நான் ரிஸ்க் எடுப்பதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கலப்பில்லாத பால் பெருங்காயம் கேட்டு வாங்கி, மிளகளவு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறேன். வாசனை தூக்கும். அரிசி மாவு கலந்த பெருங்காயத் தூளும் இப்போது கிடைக்கிறது.

இரண்டாவது ஆள் மாவு மில். கோதுமை அரைத்த அதே மெஷினில் அடுத்து நம் அரிசியைக் கொட்டுவார்கள். மாவு விழுகிற வாயில் ஒரு துணியைக் குழாய் மாதிரி கட்டியிருப்பார்களே, அதை ஒரு தடவை தட்டிப் பாருங்கள், முன்னால் அரைத்தவருடைய மாவு பொலபொலவென்று உதிரும். மில்காரரிடம் சொன்னால் "கொஞ்சம்தான்மா ஒட்டும், அது ஒண்ணும் பண்ணாது" என்பார். மிளகாய் அரைத்த பிறகு பச்சரிசி அரைக்க யாராவது சம்மதிப்பார்களா? கண் எரியும், அதனால் உஷார். கோதுமை எரியாது, அவ்வளவுதான். இப்போது வீட்டிலேயே சின்ன அரவை மெஷின் வைத்திருக்கிறேன். இந்த நோய்க்காக நான் செலவழித்ததில் உருப்படியான செலவு இது ஒன்றுதான் என்பேன். அதற்கு வசதியில்லையென்றால் அரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துச் சலித்தாலே போதும்.

குளூட்டன் இல்லாதது என்று தனியாக விற்கும் பாக்கெட்டுகளுக்கு என் மார்க் குறைவுதான். கிலோவுக்கு இருமல் வருகிற விலை. ஆட்டா என்று வருவது அரிசி மாவு, சோள மாவு, கிழங்கு மாவு, கூடவே ஒட்டுவதற்கு ஏதாவது பசை. சப்பாத்தி சுட்ட சூட்டில் சாப்பிட்டால் சரி, டப்பாவில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டுபோனால் அப்பளமாக நொறுங்கும். பிரெட்டை டோஸ்ட் செய்யாமல் விழுங்க முடியாது. அதைவிட முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையோ, வெந்நீரில் பிசைந்து தட்டிய சோள ரொட்டியோ ருசியிலும் விலையிலும் மேல். ஒன்று மட்டும் கவனியுங்கள், கேழ்வரகிலும் தினையிலும் குளூட்டன் இல்லை, ஆனால் ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ் பாக்கெட்டுகள் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கிறது. சத்துமாவில் சம்பா கோதுமையும் பார்லியும் போட்டிருப்பார்கள். ஹார்லிக்ஸும் கோதுமையும் பார்லி மால்ட்டும்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குள் குளூட்டன் இருந்தால்தான் "குளூட்டன் இல்லாதது" என்று லேபிளில் போட முடியும். அந்த வாசகம் இல்லாவிட்டாலும் அலர்ஜி எச்சரிக்கை வரியில் கோதுமை என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுவேன்.

ஹோட்டலில் குளூட்டன் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. கோதுமை என்று மட்டும் சொன்னாலும் ரவா தோசையைக் கொண்டுவந்து வைப்பார்கள், ரவை வேறு கோதுமை வேறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கோதுமை, மைதா, ரவை, சேமியா நான்கும் ஒத்துக்காது என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். தோசை வெளியே சாப்பிடுவதில்லை. கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் பெருக்குகிறார்களே, பரோட்டா போட்ட கல்லையும் அதே துடைப்பம்தான் பெருக்கும். எனக்கு வெளியில் இட்லி, தேங்காய்ச் சட்னி. சாம்பார் வேண்டாம் என்றால் சர்வர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

கல்யாணப் பந்தியில் சோறு, தயிர், வாழைப்பழம் என்று முடித்துக்கொள்கிறேன். ஊரில்தான் தர்மசங்கடம். நான் திருநெல்வேலிக்காரி, அல்வா என்பதே கோதுமைப் பால். "ஏட்டி, ஒரு விள்ளல் தின்னா என்ன செஞ்சிரப் போவுது" என்று பெரியம்மா இலையோடு நீட்டுவாள். எனக்கு உடனே வயிற்றைப் பிடித்து இழுத்தால் அவளுக்கும் புரிந்திருக்கும். இரண்டு நாள் கழித்து வருகிற அசதியைக் காட்டி யாரை நம்பவைப்பது? இப்போது நானே கோவில்பட்டி கடலை மிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறேன், இனிப்பே தொடவில்லை என்கிற மனத்தாங்கல் வராது.

பலன் மெதுவாகத்தான் வந்தது. வயிறு சில வாரங்களில் அடங்கியது, ஆரம்பத்தில் ஒத்துக்கொள்ளாத பாலும் பின்னால் ஒத்துக்கொண்டது. டிடிஜி சரியான அளவுக்கு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்டது, வைட்டமின் டி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பரம்பரையில் வரக்கூடியது என்பதால் தங்கையையும் பரிசோதிக்கச் சொன்னேன், அவளுக்கு இல்லை.

எடை குறைய நானும் கோதுமையை நிறுத்தலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நோய் இல்லாதவருக்கு இதில் தனி லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, குளூட்டன் இல்லாத பிஸ்கட்டிலும் சர்க்கரை சர்க்கரைதான். சந்தேகம் இருக்கிறவர்கள் மட்டும் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கோதுமையை விட்டபின் ரத்தம் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்றே ரிசல்ட் வரலாம், அப்புறம் கண்டுபிடிப்பதற்காகவே வாரக்கணக்கில் மறுபடி சப்பாத்தி தின்னச் சொல்வார்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள்.