குளிர்காலத்துக்கு ஒரு ஃபேர்வே மேட்

இந்தக் குளிர்காலம் முழுக்க கோல்ஃபை ஃபேர்வே மேட் மேல்தான் ஆடினேன். சின்னச் செயற்கைப் புல் பாய். பையில் மாட்டிக்கொண்டு, ஃபேர்வேயில் (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப் பாதையில்) பந்து நிற்கும் இடத்தில் விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். மண் சுமார் 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால் புல் வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது அயர்ன் (உலோகத் தலை மட்டை) பெயர்த்த இடம் வசந்தம் வரை புண்ணாகவே கிடக்கும். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானமான செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸிலேயே குளிர்காலத்தில் பாய் கட்டாயமாக இருந்ததுண்டு.

குறையும் உண்டு. பந்துக்குப் பின்னால் அடித்தாலும் மட்டை வழுக்கிப் போவதால் தப்பு சரியாகத் தெரியாது. மழையில் நனைந்தால் பாய் கனக்கும். ஆனாலும் மார்ச்சில் குழியில்லாத ஃபேர்வேயைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. வாங்குவதானால் அடியில் ரப்பர் உள்ளதை வாங்குங்கள். மெல்லியது உறைந்த தரையில் நகர்கிறது.