பழைய பொருள் விற்கும் இணையத்தளம்: டர்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் வீடு மாறும்போது, அம்மாவின் தையல் இயந்திரத்தை 2,800 ரேண்டுக்கு விற்பதற்காக ஓர் இலவச விளம்பரத் தளத்தில் பதிவிட்டேன். படம் ஏற்றுவது எளிது. அரை மணி நேரத்தில் அழைப்பும் வந்தது. பேரமே பேசாமல் ஒருவர் ஒப்புக்கொண்டதுதான் எனக்கு முதல் உறுத்தல். "பணம் போட்டுவிட்டேன், ஓட்டுநர் வாசலில் நிற்கிறார்" என்று அவர் அனுப்பிய ரசீதில் வங்கிச் சின்னமும் என் கணக்கு எண்ணும் அச்சு அசலாக இருந்தன. ஆனால் பணம் வந்ததாகச் சொன்ன குறுஞ்செய்தி மட்டும் வங்கியின் வழக்கமான செய்திகளோடு சேராமல், ஏதோ ஒரு கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தது. வங்கிச் செயலியைத் திறந்து பார்த்தேன். ஒரு காசும் ஏறவில்லை. வேறு வங்கியிலிருந்து சாதாரண முறையில் அனுப்பும் பணம் வந்து சேர ஓரிரு நாள் ஆகலாம் என்பதே இப்படி ஏமாற்றுபவர்களுக்கு வசதி. 2023 முதல் பேஷாப் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை வழியாக உடனே அனுப்ப முடிகிறதே என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார், வண்டியும் நகர்ந்துவிட்டது.

புகாருக்குத் தளத்திலிருந்து ஆறு நாள் கழித்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அந்த ஆளின் கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் படம் ஏற்றும் வசதிக்காக. பிறகு டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மையார், ஊசியில் நூல் கோத்துத் தைத்துப் பார்த்து, 300 ரேண்ட் குறைத்துப் பேசி, பேஷாப்பில் அனுப்பினார். கணக்கில் பணம் ஏறிய பிறகே இயந்திரத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.