கடைசல் பட்டறையில் சொல்லிச் செய்த மரக் காத்தாடி: கொடுத்த காசுக்கு எப்படி?

எங்கள் ஊர் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று வைகாசிக் கடைசியில் ஆரம்பித்தால் புரட்டாசி வரை மாடியில் துணி காயப்போட விடாது. அதனால்தான் பூளவாடி, குடிமங்கலம், கேத்தனூர் என்று திரும்பின பக்கமெல்லாம் காற்றாலை. நாங்கள் அதைக் காத்தாடி என்றுதான் சொல்வோம். ஸ்கூல் வேனில் தினமும் அதை எண்ணிக்கொண்டே போகிற என் மகளிடம் ஐந்தாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன், "நம்மூட்டுக்கு ஒரு காத்தாடி" என்று சொல்லிவிட்டாள்.

தேர் நோம்பிக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் காத்தாடி எங்கள் மாடியில் ஒரு வாரம் தாங்காது. ஆன்லைனில் பார்த்த தகரக் காத்தாடிக்கு ஓரமெல்லாம் கத்தி. சரி, மரத்திலேயே செய்யலாம் என்று கட்டில் கால், பூரிக்கட்டை கடைகிற ஒரு பட்டறைக்குப் போனேன். பெயர்ப்பலகைகூட இல்லாத ஓட்டுக் கொட்டகை. நோட்டில் வரைந்து கொண்டுபோனதைப் பட்டறைக்காரர் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அதுக்கென்னங்க, பண்ணிப்போடலாங்க, நாலு நாள்ல வாங்க" என்றார்.

நாலு நாள் என்பது 11 நாள் ஆனது. யாருக்கோ கதவு நிலை அவசரமாம். ஆடிப் பதினெட்டுக்குத் தூரி கட்டக் கயிறு வாங்கப் போனபோதும் எட்டிப் பார்த்தேன், இறக்கைக்குப் பலகைகூட அறுத்திருக்கவில்லை. பிறந்தநாள் போய் இரண்டு நாள் கழித்துத்தான் பொருள் கைக்கு வந்தது. இதற்கு ஒரு நட்சத்திரம் குறைத்தாயிற்று.

ஆனால் வேலை சுத்தம். நாலு இறக்கையும் மலைவேம்பு. பிளைவுட்டுக்காக இங்கே தோட்டம் தோட்டமாக வளர்க்கிறார்களே அந்த மரம்தான், எடை குறைவு என்பதால் லேசான காற்றுக்கும் அசையும். நடுக்கட்டை மட்டும் அந்தக் கதவு நிலைக்கு அறுத்ததில் மிஞ்சின தேக்கு. அதைக் கடைசல் பிடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். கட்டை சுற்றும்போதே சிவப்பு அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினார், உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொண்டது, அப்புறம் ஒரு தாழை மட்டைத் துண்டை வைத்துத் தேய்த்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது. கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப் பொம்மைகளுக்குச் சாயம் ஏற்றுவதும் இப்படித்தான்.

இறக்கைக்கு மட்டும் லேபிள் கிழிந்த ஒரு பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தார், வேண்டாம் என்றேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அந்த டப்பாவைப் பார்த்தால் அதற்கும் மூத்ததாகத் தெரிந்தது. முகம் சுளிக்காமல் லின்சீட் ஆயில் தடவிக் கொடுத்தார்.

வீட்டில் மாட்டினால் சோதனை. சின்னக் காற்றுக்கு அசையவே இல்லை, பெரிய காற்றுக்குக் கம்பமே உதறியது. மகள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு டிவி பக்கம் போய்விட்டாள். அசையாததற்குக் காரணம் நான் வாங்கிக் கொடுத்த 608 பேரிங். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அளவெல்லாம் சரிதான், ஆனால் புதுப் பேரிங்கில் கிரீஸ் அடைத்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. மூடியை ஊசியால் நெம்பி, மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். திருப்பூர் ஜில்லாவில் அந்த எண்ணெய் இல்லாத வீடு ஏது?

உதறலுக்குத்தான் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் விளக்கம் சொல்லவில்லை. மெதுவாகச் சுற்றிவிட்டார், நின்றபோது அடியில் இருந்த இறக்கையில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மறுபடி சுற்றினாலும் அதே இறக்கை கீழே வந்து நின்றது. அதன் முதுகை உப்புத்தாளால் தேய்த்தார், சுற்றினார், தேய்த்தார். ஆறேழு தடவை இப்படியே. கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நின்றது. "இப்பக் கொண்டுபோய் மாட்டுங்க, அம்மிணிகிட்டக் காமிங்க" என்றார், கூடக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

குறை என்றால், இறக்கையை நுனிவரை முறுக்கலாகச் செதுக்கக் கேட்டிருந்தேன். இந்த விலைக்கு ஆகாதென்று தட்டைப் பலகையைச் சாய்த்துத்தான் பொருத்தியிருக்கிறார். சுற்றுவதில் குறையில்லை, நிஜக் காற்றாலையின் வளைவு மட்டும் இல்லை. வால் பலகையும் சின்னதாக இருந்தது, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றதால் பெரிதாக மாற்றினோம்.

பேரிங் தவிர 1,400 ரூபாய். இறக்கை நுனியை உருட்டித்தான் கொடுத்திருக்கிறார், ஆனாலும் வேகம் எடுத்தால் விரலில் பட்டால் பட்டதுதான், அதனால் ஏழடிக் கம்பத்தில் குழந்தைக்கு எட்டாமல் மாட்டியிருக்கிறேன். இப்போது வேன் வந்து ஹாரன் அடித்தாலும் மாடியைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள், காலையில் இது ஒரு ரோதனை.

போகிறவர்கள் அளவையும் மரத்தையும் எழுதியே கொடுங்கள், தேதியைப் பத்து நாள் முன்னால் சொல்லுங்கள். மதியம் சாப்பாட்டுக்குமேல் போகவேண்டாம், பலகைமேல் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.