கணக்கில் ஆர்வம் இருக்கிறது, ட்யூஷன் யாரிடம்?

"கணக்கு நல்லாவே போடுவா. யாரும் சொல்லாமலே அடுத்த பாடத்துக்குப் போயிடுவா. யுனிவர்சிட்டியில் கணிதம்தான் படிக்கணுமாம். யார்கிட்ட ட்யூஷன் விடலாம்?"

18 வருடமாகத் தனியாகக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெற்றோர் அடிக்கடி கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. பின்தங்கும் பிள்ளைக்கு ட்யூஷன் தேடுவது வேறு விஷயம். எந்த இடத்தில் பிடி நழுவியது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து பொறுமையாகக் கட்டிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும். ஆர்வமுள்ள மாணவருக்குப் பாடத்தை விளக்க ஆள் தேவைப்படுவது குறைவு. பாதிக்கு மேல் அவரே படித்துப் புரிந்துகொள்வார். அவர் எழுதியதை வரிவரியாகப் படித்து, "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்கத்தான் ஆள் வேண்டும். இங்கே ஒவ்வொரு வழியையும் அதை வைத்தே எடைபோடுகிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு வட்டத்தின் மேல் சில புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நாண்களால், அதாவது நேர்கோடுகளால், இணையுங்கள். வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகும்? 2 புள்ளிக்கு 2 துண்டு, 3 புள்ளிக்கு 4, 4 புள்ளிக்கு 8, 5 புள்ளிக்கு 16. ஆறாவது புள்ளிக்கு எல்லோரும் 32 என்பார்கள். வரைந்து எண்ணினால் 31தான் வரும். புதிதாக வரும் ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளே இதைக் கொடுத்துவிடுவேன்.

ஒரு மாணவி இரண்டு தடவை எண்ணிவிட்டு, "30தான் சார் வருது" என்றாள். அவள் காம்பஸ் வைத்து அளந்து ஒழுங்கான அறுகோணமாகவே வரைந்திருந்தாள். எதிரெதிர் முனைகளை இணைக்கும் மூன்று நாண்களும் நடுவில் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டன. ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் அங்கே ஒரு குட்டி முக்கோணம் திறந்திருக்கும். நான் எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிடம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள், நடுப்புள்ளியில் பென்சிலை வைத்து, "இங்க ஒண்ணு மூடிக்கிச்சு" என்றாள். அடுத்த வாரம் வரும்போது முழு நிரூபணமும் கையில் இருந்தது. ஒவ்வொரு நாணும் ஒரு துண்டைக் கூட்டுகிறது, வட்டத்துக்குள் நாண்கள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு துண்டைக் கூட்டுகிறது, தொடக்கத்தில் இருந்தது ஒரு துண்டு. 15 நாண், 15 வெட்டுப்புள்ளி, அப்புறம் அந்த 1. ஏழு புள்ளிக்கு 57 வரும் என்று வரையாமலே சொன்னாள்.

இந்தப் பத்து நிமிட மௌனம் எந்த வழியில் கிடைக்கும் என்று பார்ப்போம்.

முதலில் தேர்வுப் பயிற்சி வகுப்பு. அங்கே அந்த மௌனத்துக்கு நேரம் கிடையாது. விடை 31, சூத்திரம் இது, அடுத்த கணக்கு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நுழைவுத் தேர்வுக்கு வேகம் வேண்டும், பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்த பழக்கம் வேண்டும். கடைசி மூன்று நான்கு மாதத்துக்கு இந்த வகுப்பு நன்றாகவே உதவும். இரண்டு வருடம் முழுக்க இதுவே என்றால்தான் எனக்குக் கவலை.

தனிப்பயிற்சியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வு முடிவைத் தரவரிசையாக வெளியிடுவார்கள். முன்னால் வர மாணவர்கள் தனிப்பயிற்சியாளர்களிடம் போனார்கள். அவர்களில் பெயர்பெற்றவர் எட்வர்ட் ரூத். 1854இல், பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளரான மாக்ஸ்வெல்லை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலிடம் பிடித்தவர். அவரிடம் படித்தவர்களில் 25 பேருக்கு மேல் முதலிடம் வாங்கினார்கள். அதே ஊரில், அதே முறையில் பயிற்சிக்குப் போன, பின்னாளில் பெரிய கணிதவியலாளரான ஹார்டிக்கு அது வெறுத்தேபோனது. கணிதத்தை விட்டு வரலாற்றுப் பாடத்துக்கு மாறலாமா என்றுகூட யோசித்தார். பிறகு லவ் என்ற ஆசிரியரிடம் மாறினார். லவ் அவரைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோர்டானின் பகுப்பாய்வு (analysis) நூலைப் படிக்கச் சொன்னார். கணிதம் என்றால் உண்மையில் என்ன என்று அதைப் படித்தபோதுதான் முதன்முதலாகத் தெரிந்தது என்று ஹார்டி பிற்காலத்தில் எழுதினார். 1898 தேர்வில் அவருக்கு நான்காம் இடம். தரவரிசை முறையை 1909க்குப் பிறகு கைவிட்டார்கள். அந்த முறையை எதிர்த்தவர்களில் ஹார்டியும் ஒருவர்.

அடுத்தது, அனுபவமுள்ள பள்ளி ஆசிரியரிடம் தனி ட்யூஷன். பெரும்பாலான பெற்றோரின் முதல் தேர்வு இதுதான். பிழை எங்கே வரும் என்று இவருக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு மாணவர் குறியை மாற்ற மறந்ததைத் தாளைத் தலைகீழாகப் பார்த்தே சொல்லிவிடுவார். இயற்கணிதத்தில் கை ஓடாத மாணவர், பின்னங்களைச் சுருக்கும்போது தடுமாறுபவர், எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் சரி, முதலில் இவரிடம்தான் போக வேண்டும். அந்த அடிப்படை இல்லாமல் மேலே போனால் தொகையீட்டில் மாட்டிக்கொள்வார்.

சிக்கல் எங்கே என்றால், நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய கை அவசரப்படும். மாணவர் யோசிக்கத் தொடங்கும் முன்பே வாக்கியத்தை ஆசிரியர் முடித்துவிடுவார். நானும் பல வருடம் இதைச் செய்திருக்கிறேன். நிறுத்துவது கஷ்டமாகத்தான் இருந்தது. தனி ட்யூஷன் என்பதால் மட்டுமே பலன் வந்துவிடாது. கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் 98 சதவீதம் பேரைவிட மேலே இருந்ததாகக் காட்டினார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இதைவிடக் குறைவாகவே வந்திருக்கிறது. புளூமின் முறையில் அடிக்கடி சிறு தேர்வு வைத்து, பிழையைத் திருத்தி, மறுபடி செய்ய வைத்தார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் மூத்த மாணவர் அல்லது ஆராய்ச்சி மாணவர். ஆர்வமுள்ள பிள்ளைக்கு நான் பரிந்துரைப்பது இவரைத்தான். காரணம், பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் இவர் அண்மையில்தான் விழுந்து எழுந்திருக்கிறார். பள்ளியில் ஒரு எண் வரிசையின் 'எல்லை' (limit) என்றால் ஒரு மதிப்பை நெருங்கிக்கொண்டே போவது. பல்கலைக்கழகத்தில் முதல் சில வாரங்களிலேயே அதன் வரையறை மாறிவிடும்: எவ்வளவு சிறிய இடைவெளியைக் கொடுத்தாலும், ஒரு கட்டத்துக்கு மேல் வரிசையின் எல்லா உறுப்புகளும் எல்லையிலிருந்து அந்த இடைவெளிக்குள் இருக்க வேண்டும். 'எவ்வளவு கொடுத்தாலும்' முதலில் வருகிறதா, 'ஒரு கட்டம்' முதலில் வருகிறதா என்பதிலேயே முழுப் பொருளும் மாறிவிடும். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். அந்தத் தடுமாற்றத்தை மறக்காத ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய துணை.

இவரிடமும் குறை உண்டு. உற்சாகத்தில் மூன்றாம் ஆண்டுத் தேற்றங்களுக்குத் தாவிவிடுவார். அவருடைய சொந்தத் தேர்வு நேரத்தில் ஒரு மாதம் ஆளே கிடைக்க மாட்டார். பாடத்திட்டத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்றும் சரியாகத் தெரியாது. முதல் குறையை மட்டும் ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றைச் சமாளித்துவிடலாம்.

ட்யூஷனே வேண்டாம், புத்தகமும் வீடியோவும் போதும் என்பவர்கள் உடனே ராமானுஜனைச் சொல்வார்கள். அவர் 16 வயது வாக்கில் கையிலெடுத்த தொகுப்பில் ஏறத்தாழ 5000 முடிவுகள் இருந்தன, பெரும்பாலும் விரிவான நிரூபணம் இல்லாமல். அதைத் தொகுத்த கார் என்பவரே கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த தனிப்பயிற்சியாளர். ஒருவரின் ட்யூஷன் குறிப்புகள் எங்கோ இருந்த ஒரு பையனைத் தட்டி எழுப்பியது உண்மை. ஆனால் நிரூபணம் என்றால் என்ன என்று கேட்டுப் பேச ஹார்டி கிடைக்கும்வரை ராமானுஜன் பல வருடம் தனியாக இருந்தார், ஏற்கனவே கண்டுபிடிக்கப்பட்டவற்றை மறுபடி கண்டுபிடித்துக்கொண்டு. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும், அது நம்மைத் திருப்பிக் கேள்வி கேட்காது. தனியாகப் படிக்கட்டும், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது எழுதியதை யாரிடமாவது காட்டட்டும்.

ஒரே ஆர்வமுள்ள மூன்று பேர் சேர்ந்து படிக்கும் குழு அமைந்தால் அதிர்ஷ்டம், விடாதீர்கள். ஆன்லைனா நேரிலா என்பதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாணவர் எழுதும் தாள் அவர் எழுதும்போதே ஆசிரியருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். முகம் மட்டும் தெரிகிற வகுப்பு கணிதத்துக்கு ஆகாது.

என் சிபாரிசு இப்படி: அடிப்படை உறுதியாக இருந்தால் வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், பல்கலைக்கழகக் கணித மாணவரிடம். நடுவில் இரண்டு மூன்று கடினமான கணக்கோடு மாணவர் தனியாக மல்லுக்கட்டட்டும். கடைசி சில மாதங்களில் பழைய வினாத்தாள், தேவைப்பட்டால் பயிற்சி வகுப்பு. வாரம் நான்கு நாள் ட்யூஷன் வைத்தால் யோசிக்கவே நாள் இருக்காது.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வகுப்பைப் பரீட்சார்த்தமாக வைத்துப் பாருங்கள். அந்த வட்டக் கணக்கையே கொடுக்கச் சொல்லலாம். மாணவர் 32 என்றதும் அவர் என்ன செய்கிறார்? "தப்பு, 31" என்றால் ஒரு மாதிரி ஆசிரியர். "வரைஞ்சு பார்த்தியா?" என்றால் இன்னொரு மாதிரி. அப்புறம் ஆறு வாரம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். அடித்தல் திருத்தலோடு மாணவரின் கையெழுத்து நிறைய இருந்தால் அங்கேயே தொடரட்டும். ஆசிரியரின் அழகான கையெழுத்தே பக்கம் பக்கமாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.