பேட்டரியா, கடம்பாறையா?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கூரைக்குக் கூரை சோலார் பலகைகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. மத்தியானம் கரண்ட் மிஞ்சுகிறது, இழுபறியெல்லாம் இருட்டிய பிறகுதான். கேரளத்தில் மாலை 6 முதல் இரவு 10 வரை பீக் நேரம். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலைக் காற்றாலைகளுக்கோ ஆனி, ஆடி வந்தால்தான் கொண்டாட்டம். மிஞ்சுவதை எதில் சேர்த்து வைப்பது என்று பேச்சு வந்தால் இரண்டு கட்சி: பேட்டரி, நீரேற்று மின்நிலையம்.

இரண்டாவதைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம். ஆனைமலையில் கடம்பாறை இருக்கிறது. மலையைக் குடைந்து வைத்த மின்நிலையம், தலா 100 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள். கரண்ட் மிச்சமாகும் நேரத்தில் கீழே இருக்கும் மேல் ஆழியாறு அணையிலிருந்து, உயரத்தில் இருக்கும் கடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றுவார்கள். தேவைப்படும்போது அதையே திறந்துவிட்டு டர்பைனைச் சுழற்றுவார்கள். 'மேலே ஏற்றிவிட்டால் எங்கள் வயலுக்கு என்ன மிஞ்சும்' என்று நம் ஊர் விவசாயி கேட்டால் நியாயம்தான். அந்த மேல் ஆழியாற்றுத் தண்ணீர்தான் நவமலை வழியாக ஆழியாறு அணைக்கு இறங்கி, மணக்கடவு தாண்டி இங்கே வருகிறது. ஆனால் ஏற்றி இறக்குவதில் தண்ணீர் தீர்ந்துவிடாது, வரும் நேரம்தான் முன்பின் ஆகும். இரு மாநிலங்களின் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி ஒழுங்காக வருகிறதா என்பது தனிச் சண்டை.

சேதாரக் கணக்கில் பேட்டரிக்கே வெற்றி. 100 யூனிட் செலவழித்தால் நீரேற்றத்தில் 70 முதல் 80 வரைதான் திரும்பக் கிடைக்கும், பேட்டரியில் 85க்குக் குறையாது. ஆயுளில் அணை ஜெயிக்கும். அது நாற்பது, ஐம்பது வருடம் சர்வ சாதாரணமாக உழைக்கும். பேட்டரி பத்துப் பதினைந்து வருடத்தில் தளர்ந்துவிடும்.

வேகம்தான் முக்கியமான இடம். நம் கிரிட்டின், அதாவது நாடு முழுக்க இணைந்த மின்கட்டமைப்பின், அலைவெண் (கரண்ட் வினாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) 49.90-க்கும் 50.05 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எங்கேயோ ஒரு பெரிய நிலையம் டிரிப் ஆனால் அது சரசரவென இறங்கும். பேட்டரி ஒரு வினாடிக்குள் கைகொடுக்கும். சும்மா நிற்கும் நீர் டர்பைன் முழு வேகம் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். 2016 செப்டம்பரில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலமே இருண்டது. அடுத்த ஆண்டே அங்கே ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் பேட்டரியை வைத்துவிட்டார்கள். ஆனால் ஒன்று: ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் டர்பைன் என்றால் அதன் கனமே சரிவின் வேகத்தைக் குறைக்கும். பேட்டரியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. இன்வெர்ட்டரை அதற்கென்றே அமைத்தால்தான் அந்தக் குணம் வரும், இல்லாவிட்டால் கிடையாது. டெண்டரில் இதை எழுதாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் பிறகு புலம்ப வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், கேரளப் பக்கத்துக்கு முதலில் பேட்டரி. பீக் நான்கு மணி நேரம். காசர்கோடு மைலாட்டிக்குத் திட்டமிட்ட 125 மெகாவாட் பேட்டரியும் நான்கு மணி நேரக் கணக்குதான். சப்ஸ்டேஷன் பக்கத்திலேயே வைக்கலாம், காட்டில் புது அணைக்கு அனுமதி வாங்கி வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டுப் பக்கம் கதை வேறு. அம்மியும் பறக்கும் ஆடிக் காற்று ராத்திரி பகல் பார்க்காது. ஆளில்லாத நடுச்சாமத்தில் மிஞ்சும் காற்றாலைக் கரண்டை வாங்கிக்கொள்ள, ஏற்கெனவே கட்டி முடித்த கடம்பாறையின் நான்கு இயந்திரங்களும் பழுதில்லாமல் தயாராக இருந்தாலே பெரிய லாபம்.

இரண்டும் செய்யாத வேலை ஒன்று உண்டு. ஆடியில் மிஞ்சியதைப் பங்குனி, சித்திரைக்கு எடுத்து வைக்க முடியாது. கேரளத்தில் ராத்திரியெல்லாம் ஏசி ஓடுவது அப்போதுதான். அதற்கு 780 மெகாவாட் இடுக்கி போன்ற பெரிய அணைதான் கதி. பகலில் சோலார் தாங்கிக்கொண்டால் இடுக்கித் தண்ணீரை ராத்திரிக்கு விட்டுவைக்கலாம்; அதற்கு ஏற்றுக்கூலியும் இல்லை.