எடித்கோலியான்னு சொல்லி ஓர்பியாவை தலைல கட்டிட்டாங்க, ஸ்டபீலியா வகை வாங்குறவங்க உஷார்

இலையே இல்லாத தண்டு, நட்சத்திரம் மாதிரி பூ, பூத்தா செத்த எலி நாத்தம், இந்த ஸ்டபீலியா வகை செடிங்க மேல ஆசைப்பட்டு ஆன்லைன்ல தேடிட்டு இருக்கீங்கன்னா இதை படிச்சிட்டு அப்புறம் காசு அனுப்புங்க. ரேர் சக்குலன்ட் (தண்டுல தண்ணி சேத்து வைக்கிற சதைப்பற்றுள்ள செடி) விக்கிறேன்னு பேஜ் வச்சிருக்குற ஒரு ஆள்கிட்ட வேர் விட்ட எடித்கோலியா கிராண்டிஸ், ஒரு ஸ்டபீலியா ஜைஜான்டியா கட்டிங், கொஞ்சம் ஹூடியா விதை வாங்கினேன், மூணும் இந்த வகை செடிங்கதான், ஒண்ணு கூட ஒழுங்கா வரல. பேஜ் பேரை போடல, ஏன்னா அது ஏற்கனவே பேர் மாறியாச்சு, அவங்க ஏமாத்துற விதம்தான் மாறாது.

இந்த செடியில பூ வர வரைக்கும் எது என்னன்னு கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம். பூ வர ஒரு வருஷம் ஆகும், சில சமயம் அதுக்கும் மேல. ரீஃபண்ட் கேக்குற டைமெல்லாம் அதுக்குள்ள எப்பவோ முடிஞ்சிருக்கும். விக்கிறவனுக்கு இதைவிட வசதி வேற என்ன வேணும், பூ போட்டோவை காட்டி தண்டை அனுப்பிட்டா போதும்.

எடித்கோலியாவை பாரசீக கம்பளப் பூன்னு சொல்லுவாங்க, மஞ்சள்ல செவப்பு பழுப்பு திட்டு, பூ ஓரத்துல ஊதா முடி காத்துல ஆடும், ஒரு பூ 10 சென்டிமீட்டருக்கு மேல கூட போகும். கிழக்கு ஆப்பிரிக்கா, ஏமன், சொகோத்ரா தீவு பக்கத்து செடி, தண்ணி கொஞ்சம் கூடினாலும் அழுகிடும், அதான் விலை அதிகம். எனக்கு வந்தது ஜம்முனு வளந்துச்சு, தொட்டியை தாண்டி வழிஞ்சுது, அப்பவே லேசா டவுட்டு. மொட்டு ஊதி வெடிச்சப்போ பாத்தா வெளிர் மஞ்சள்ல புள்ளி புள்ளியா, நடுவுல தடிச்ச வளையம், உள்ளங்கைல பாதிக்கு கூட வரல. ஓர்பியா வேரிகேட்டா! இருக்குறதுலயே ஈஸியா வளரக்கூடியது, செடி வளக்குறவங்க சும்மாவே உடைச்சு குடுப்பாங்க. பூ வந்த அன்னைக்கே நீல ஈ வந்து அந்த வளையத்துக்குள்ள வெள்ளையா முட்டை வச்சிட்டு போச்சு, செத்த பிராணின்னு நெனச்சுதான் வைக்குது, பொரிஞ்சு வர்ற புழுவுக்கு அங்க திங்க ஒண்ணும் இருக்காது. ஈயும் என்னைய மாதிரிதான்.

போட்டோ அனுப்பி கேட்டா அந்த ஆள் சொல்றார், "முதல் பூ அப்படித்தாங்க இருக்கும், அடுத்த பூ பெருசா டிசைனோட வரும்". வாங்கும்போது ஃபோன்லயும் எல்லாத்துக்கும் இப்படியேதான் கூலா பதில் சொல்லுவார். அடுத்த பூவும் அதேதான். திரும்ப கேட்டேன், பிளாக்.

அதுக்கப்புறம் அவங்க போட்டிருந்த பூ படத்தை ரிவர்ஸ் இமேஜ் சர்ச்ல போட்டு பாத்தா அது வேற யாரோ எப்பவோ எடுத்த படம், ஓரத்துல இருந்த வாட்டர்மார்க்கை மட்டும் வெட்டிட்டு போட்டிருக்காங்க. இதை வாங்கறதுக்கு முன்னாடி செய்யுங்க, ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் பூ போட்டோ வேண்டாம், எனக்கு அனுப்பப்போற அதே செடியோட தண்டையும் வேரையும் இன்னைக்கு தேதி எழுதின பேப்பரோட எடுத்து அனுப்புங்கன்னு கேளுங்க. எடித்கோலியா தண்டு ஓரத்துல பல்லு கெட்டியா, குத்துற மாதிரி கூரா இருக்கும், ஓர்பியாவுல பல்லு மெத்துனு சதையா இருக்கும், குத்தாது. கிட்டத்துல எடுத்த போட்டோவுல இது நல்லாவே தெரியும்.

ஜைஜான்டியா கட்டிங் கதை வேற. வெட்டின வாயை நாலஞ்சு நாள் நிழல்ல காயவிட்டு பொருக்கு கட்டினதுக்கு அப்புறம்தான் பேக் பண்ணணும், இவங்க பச்சையா வெட்டி ஈரப் பேப்பர்ல சுத்தி பிளாஸ்டிக்ல இறுக்கி டேப் அடிச்சு அனுப்பியிருக்காங்க. பிரிச்சா அடிப்பக்கம் கருப்பா கொழகொழன்னு, தண்டு மடிப்புல வெள்ளையா பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வேற. சுத்தமான கத்தியால மேல மேல சீவிட்டே போனேன், நடுவுல பழுப்பு வளையம் இல்லாம முழுசா பச்சையா தெரியுற வரைக்கும். மிஞ்சினது சுண்டுவிரல் நீளம்தான். காயவச்சு பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) கலவைல நட்டு, மத்த தொட்டிங்க பக்கமே விடாம தனியா வச்சேன், பொழச்சுக்கிச்சு.

விதையை பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. இதெல்லாம் எருக்கு குடும்பம், விதை தட்டையா பழுப்பா நுனில பட்டு மாதிரி பஞ்சோட இருக்கும், பஞ்சு உதிர்ந்திருந்தாலும் தட்டையாதான் இருக்கும். எனக்கு வந்தது கருப்பு உருண்டை, மொளச்சு அகல அகலமா இலை விட்டுச்சு, என்ன செடின்னு அந்த ஆளுக்கே தெரியாது. ஹூடியா சைட்டிஸ் (காட்டு செடி, விலங்குகளை நாடு விட்டு நாடு விக்கிறதை கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, நாடு விட்டு நாடு அனுப்பணும்னா பர்மிட் பேப்பர் வேணும். வெளிநாட்டுல இருந்து டைரக்டா வருதுன்னு சொல்றவங்ககிட்ட அந்த பேப்பரை கேட்டு பாருங்க, பதில் வராது.

இன்னொண்ணு, "நாத்தமே அடிக்காத ஜைஜான்டியா"ன்னு ஸ்பெஷலா விலை வச்சு விக்கிறாங்க, வாங்காதீங்க. ஜைஜான்டியான்னா நாத்தம் அடிக்கும், அந்த நாத்தத்துலதான் ஈயே வருது. நாத்தம் வேண்டாம்னா இதே வகையில ஹுவர்னியா ஜீப்ரினா வாங்குங்க, பூ சின்னது, கிட்ட மூக்கை வச்சாதான் லேசா தெரியும்.

பொழச்ச அந்த ஜைஜான்டியா இப்ப தொட்டில நல்லா கெளச்சிருக்கு, ஆனா ஸ்டபீலியாவுலயே வேற இனங்களான கிராண்டிஃப்ளோரா, ஹிர்சூட்டா தண்டெல்லாம் கூட ஏறக்குறைய இதே மாதிரிதான், அதனால அதுவும் ஜைஜான்டியாதானான்னு பூத்தாதான் தெரியும். பூத்ததும் ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து கீழ போடுறேன்.